"அவர் கறுப்பினத்தவர் என்று தெரியுமா?": டெட்ராய்ட் டேப்ரூம் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஃபௌண்டர்ஸ் ப்ரூவிங் என்ற அமெரிக்க பீர் கம்பெனியைப் பற்றிய கேஸ். அதன் டெட்ராய்ட் கடையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு கறுப்பின ஊழியர், இனப் பாரபட்சம் என்று வழக்குப் போட்டார். பீர் வாசனையே ஆகாது என்பவர்களும் படிக்கலாம், ஏனென்றால் உள்ளே நடந்தது எல்லாம் ஆபீஸ் சமாச்சாரம்தான்: பதவி உயர்வு, லேட்டாக வருவது, ஹெச்ஆர், பிரிண்டர். நீதிமன்றம் இதில் தீர்ப்பு சொல்லவில்லை, அதற்கு முன்பே சமரசம் ஆகிவிட்டது. அதனால் வேலையிழந்தவர் சொன்னதை அவர் சொன்னதாகவும், நிறுவனம் மறுத்ததை மறுத்ததாகவும் மட்டுமே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தவைதான், ஆனால் நாம் பார்க்கப் போகும் விஷயத்துக்கு அவை தேவையில்லை. ஊழியர், மேலாளர், இயக்குநர் என்றே போகலாம்.

பின்னணி: கராஜிலிருந்து கிளம்பிய தொழில்

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவில் அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978இல். இன்றைய கிராஃப்ட் பீர் ஆலைகள், அதாவது பெரிய கம்பெனிகளின் பிடியில் இல்லாத சிறு ஆலைகள், பலவற்றின் பூர்வீகத்தைத் தோண்டினால் ஏதோ ஒரு வீட்டுக் கராஜில், ஒரு பெரிய பாத்திரத்தில் போய் முடியும். சரி, அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் என்னவெல்லாம் வேண்டும்? கராஜ் உள்ள சொந்த வீடு வேண்டும், வார இறுதியில் ஓய்வு வேண்டும், நாலு தடவை கெட்டுப்போனாலும் கவலைப்படாமல் சாக்கடையில் கொட்டும் அளவுக்குக் கையில் காசு வேண்டும், அப்புறம் பொழுதுபோக்கைத் தொழிலாக்க வங்கிக் கடன் வேண்டும். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பே நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் கடனுக்கு ஆபத்தான இடம் என்று குறித்து வைத்தது. யாருக்குச் சொந்த வீடு அமையும், அந்த வீட்டை அடமானம் வைத்து யார் தொழில் தொடங்குவார்கள் என்பதில் பாதி அந்த வரைபடத்திலேயே முடிவாகிவிட்டது.

கறுப்பின மக்களுக்குப் பீர் காய்ச்சத் தெரியாது என்று இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில் 1813இல் ஓர் ஆங்கிலேயரிடம் தொழில் கற்று, பிறகு அங்கே பீர் காய்ச்சியவர் பீட்டர் ஹெமிங்ஸ், அந்தப் பண்ணையின் அடிமை. 1970இல் விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்காஷில் பீப்பிள்ஸ் ப்ரூவிங் என்ற ஆலையை தியடோர் மேக் என்ற கறுப்பினத்தவர் வாங்கினார். 1972இல் அது மூடப்பட்டது. பெரிய கம்பெனிகளுக்குக் கறுப்பின மக்கள் வாடிக்கையாளர்களாகத் தெரியாமலும் இல்லை. விலை மலிவான, போதை கூடுதலான மால்ட் லிக்கர் என்ற பீரை அவர்கள் குடியிருப்புகளைக் குறிவைத்துத்தான் விளம்பரம் செய்தார்கள். 1991இல் ஹெய்லெமன் நிறுவனம் பவர்மாஸ்டர் என்று இன்னும் போதை கூட்டிய ஒன்றைக் கொண்டுவர, எதிர்ப்பு கிளம்பி அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆக, பாட்டிலை வாங்கும் இடத்தில் அவர்களைத் தேடிப் போனார்கள். காய்ச்சும் இடத்தில், முதலாளி நாற்காலியில், தேடவில்லை. கிராஃப்ட் ஆலைகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் 2018இல் எடுத்த கணக்கில் ஆலை உரிமையாளர்களில் 88% பேர் வெள்ளையர்கள், கறுப்பினத்தவர் 1% அளவில்தான்.

நிறுவனமும் நகரமும்

ஃபௌண்டர்ஸ் ப்ரூவிங் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1997இல் தொடங்கிய ஆலை. 4.7% ஆல்கஹால் கொண்ட ஆல் டே ஐபிஏ என்ற பீர்தான் அதற்கு நாடு முழுக்கப் பெயர் வாங்கித் தந்தது. 15 கேன் கொண்ட பெட்டியாக எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். 2014இல் ஸ்பெயின் நாட்டு மஹோ சான் மிகேல் நிறுவனம் 30% பங்கு வாங்கியது. வெளி மதுக் கம்பெனியின் பங்கு 25% வரை எட்டினால் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் கணக்கில் அது கிராஃப்ட் ஆலை இல்லை. குடிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு ஒரு பொருட்டில்லை, அவர்கள் கிராஃப்ட் என்றே அழைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

2017 டிசம்பரில் இந்த நிறுவனம் டெட்ராய்டில் ஒரு டேப்ரூம் திறந்தது. டேப்ரூம் என்பது ஆலையின் பீரை நேரடியாகக் குழாயில் பிடித்துக் கொடுக்கும் கூடம். கிராண்ட் ராப்பிட்ஸில் கறுப்பின மக்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு. டெட்ராய்டில் ஐந்தில் நாலு பங்கு. டேப்ரூம் வந்தது காஸ் காரிடார் பகுதியில். பல வருஷம் வெளியாட்கள் எட்டிப் பார்க்கத் தயங்கிய இடம், அப்போதுதான் வாடகை ஏறி, காபிக் கடைகள் வந்து, ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். கிராஃப்ட் பீர் கடை திறந்தால் அந்தத் தெருவில் அடுத்து வாடகை ஏறும் என்று அமெரிக்க நகரங்களில் ஒரு பேச்சு உண்டு. டெட்ராய்ட்காரர்கள் இந்தக் கடையைப் பார்த்த பார்வையில் அதுவும் கலந்திருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

ஊழியர் சொன்னது

நம் கதையின் ஊழியர் ஒரு கறுப்பின ஆண். 2014இல் கிராண்ட் ராப்பிட்ஸில் சேர்ந்தார், பிறகு டெட்ராய்ட் டேப்ரூமில் நிகழ்ச்சிகளையும் விளம்பரத்தையும் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தார். 2018இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே வருஷம் வழக்குப் போட்டார்.

மனுவில் அவர் சொன்னவற்றைச் சுருக்கினால்: வெள்ளைச் சக ஊழியர்கள் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைத் தன் காது கேட்கச் சொன்னார்கள், நிறுவனம் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை, பதவி உயர்வில் தன்னைத் தாண்டிப் போனார்கள், வெள்ளையர்கள் செய்தால் கண்டுகொள்ளாத சின்னத் தவறுகளுக்குத் தன்மேல் நடவடிக்கை வந்தது, கடைசியில் ஹெச்ஆரிடம் போகப் போகிறேன் என்ற நிலையில் வேலையே போனது. நிறுவனம் எல்லாவற்றையும் மறுத்தது. நீக்கியதற்கும் இனத்துக்கும் சம்பந்தமில்லை, அது வேலை சம்பந்தப்பட்ட முடிவு என்பதுதான் அதன் வாதம்.

இந்த மனுவில் ஊர் முழுக்கப் பேசப்பட்டது பிரிண்டர். கிராண்ட் ராப்பிட்ஸ் அலுவலகத்தில் ஒரு பிரிண்டருக்கு 'வெள்ளைக்காரன் பிரிண்டர்' என்றும் இன்னொன்றுக்கு 'கறுப்பன் பிரிண்டர்' என்றும் பெயர் இருந்தது, முதலாவது மேல்மட்டத்தினருக்கு, இரண்டாவது கீழே வேலை செய்பவர்களுக்கு என்றது மனு.

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரிண்டரின் பெயர் யாரோ வாய் தவறிச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை மாதிரி இல்லை. ஒருவர் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்து சேமித்தால்தான் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் வரும். அதற்குப் பிறகு ஷிப்ட் பட்டியலோ லீவு லெட்டரோ, எதை அச்சடிக்கப் போனாலும் பெயர்ப் பட்டியல் கண் முன்னால் விழும், அதில் ஒன்றைச் சொடுக்க வேண்டும். மனுவில் சொன்னது உண்மையென்றால், அந்த அலுவலகத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் தினமும் அந்தப் பெயரைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதைப் போட்டவர் சிரித்திருப்பார், பார்த்த பத்துப் பேர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆறு மாதத்தில் அது வெறும் பிரிண்டர் பெயராகிவிட்டிருக்கும். கிராஃப்ட் ஆலைகளில் இந்த மாதிரி கிண்டல் பேச்சுக்கு ஒரு செல்லம் உண்டு, நாமெல்லாம் கார்ப்பரேட் கிடையாது, ஒரே குடும்பம் என்பார்கள். குடும்பம் என்று சொல்லும் இடத்தில் புகார் கொடுப்பவர்தான் குடும்பத்தைக் கெடுத்தவர் ஆகிறார்.

நிறுவனம் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு வழக்கை எதிர்த்து நிற்பது. இதில் தவறு என்று சொல்ல முடியாது, தான் குற்றமற்றவன் என்று நினைக்கும் எந்த நிறுவனமும் அதைத்தான் செய்யும். வழக்கு ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் நிறுவனத்தில் பன்முகத்தன்மைக்கென்று, அதாவது எல்லா இனத்தவருக்கும் சமமான இடம் கிடைக்கிறதா என்று கவனிக்க, ஒரு இயக்குநரும் இருந்தார், கறுப்பினப் பெண். ஆக வெளியே ஒரு முகம், நீதிமன்றத்தில் ஒரு முகம். இரண்டையும் யாராவது ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தார்களா என்பதுதான் என் சந்தேகம், ஏனென்றால் பார்த்திருந்தால் அடுத்தது நடந்திருக்காது.

விசாரணைக்கு முன் சத்தியம் செய்துவிட்டு எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். டெபசிஷன் என்பார்கள், ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். டெட்ராய்ட் டேப்ரூமின் பொது மேலாளரிடம், அந்த ஊழியர் கறுப்பினத்தவர் என்று தெரியுமா என்று வக்கீல் கேட்டார். என்ன அர்த்தத்தில் கேட்கிறீர்கள் என்று மேலாளர் திருப்பிக் கேட்டார். ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று தெரியுமா என்றார் வக்கீல். அவருடைய வம்சாவளி எனக்குத் தெரியாது என்றார் மேலாளர். வக்கீல் விடாமல் பராக் ஒபாமாவுக்குப் போனார், அவர் கறுப்பினத்தவர் என்று தெரியுமா? அவரை நான் நேரில் சந்தித்ததில்லை என்ற வகையில் பதில் வந்தது. ஒரே கூடத்தில், ஒரே பீர்க் குழாய்களுக்கு முன்னால், தன்னோடு வேலை பார்த்த மனிதரைப் பற்றித்தான் இவ்வளவும்.

ஏன் அப்படிச் சொன்னார்? அவர் முட்டாள் என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம், பலர் அதைத்தான் செய்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாரபட்ச வழக்கில், இன்ன இனத்தவர் என்பதால்தான் இந்த முடிவு எடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வழக்குப் போட்டவருடையது. முடிவெடுத்தவருக்கு இனமே தெரியாது என்றால் அந்தக் கண்ணி அறுந்துவிடும். சாட்சிகளையும் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே, ஊகிக்காதே என்றுதான் தயார் செய்வார்கள். இந்த இரண்டையும் ஒருவர் தலையில் ஏற்றி, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் இப்படித்தான் வந்து நிற்கும் என்பது என் ஊகம். கூடவே 'நான் நிறம் பார்ப்பதில்லை' என்ற பேச்சும் ஒன்று இருக்கிறது, நம்மூரில் 'நான் சாதியெல்லாம் பார்க்கிறதில்லை' என்பதற்கு அக்கா மாதிரி. விருந்தில் சொன்னால் தலையாட்டுவார்கள். சத்தியம் செய்துவிட்டுச் சொன்னால் அது காகிதத்தில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அக்டோபர் 2019

அந்த டெபசிஷன் பக்கங்கள் டெட்ராய்டின் மெட்ரோ டைம்ஸ் பத்திரிகையில் அக்டோபரில் வெளிவந்தன. அதற்குப் பிறகு எல்லாம் வேகம். வழக்கு அதற்கு முன்பே ஒரு வருஷத்துக்கும் மேலாக நடந்துகொண்டுதான் இருந்தது, மனுவில் இருந்த பிரிண்டர் கதையும் புதிதில்லை, ஆனாலும் பீர் குடிப்பவர்களை உலுக்கியது இந்த நாலைந்து கேள்வி பதில்தான். இழிசொல் யார் எப்போது சொன்னார்கள் என்பது இரண்டு தரப்பு வாதம், எதை நம்புவது என்று ஒதுங்கி நிற்கலாம். ஒபாமாவின் நிறம் அப்படியில்லையே.

மதுக்கடைகள் இந்த ஆலையின் பீரை நிறுத்தத் தொடங்கின, டெட்ராய்டில் மட்டும் இல்லை. அந்த மாதக் கடைசியில் டெட்ராய்டில் நடந்த மாநில ஆலைகளின் பீர் திருவிழாவிலிருந்து நிறுவனம் விலகிக்கொண்டது. டேப்ரூம் மூடப்பட்டது, தற்காலிகமாக. அதே நாட்களில் பன்முகத்தன்மை இயக்குநர் ராஜினாமா செய்தார். தான் நம்பும் விஷயத்துக்காக நிற்காத ஒரு நிறுவனத்தின் சார்பில் தன்னால் பேச முடியாது என்பது அவருடைய கடிதத்தின் சாரம், அதை அவர் பகிரங்கமாகவே வைத்தார். என் கணிப்பில் நிறுவனத்துக்கு விழுந்த பெரிய அடி இதுதான். வெளியிலிருந்து வரும் கோபம் நாலு வாரத்தில் தணியலாம், உள்ளே இருந்து இந்த வேலைக்கென்றே எடுத்தவர் எழுந்து போனால் அதற்கு என்ன அறிக்கை எழுதுவீர்கள்?

அக்டோபர் முடியும் நேரத்தில் சமரசம் அறிவிக்கப்பட்டது. தொகையும் நிபந்தனைகளும் ரகசியம். இந்த இடத்தில் இதைப் படிக்கிற நமக்கும் ஒரு நஷ்டம்: லேட்டாக வந்ததற்கு வெள்ளை ஊழியர்களை என்ன செய்தார்கள், ஹெச்ஆருக்கு எத்தனை புகார் போயிருந்தது, பிரிண்டர் பெயரை எப்போது யார் மாற்றினார்கள் என்பதெல்லாம் திறந்த நீதிமன்றத்தில் வரவேயில்லை.

அதன் பிறகு

2020 ஜனவரியில் டேப்ரூம் மறுபடி திறந்தது. அங்கே வரும் லாபத்தை மூன்று வருஷத்துக்கு டெட்ராய்ட் சமூக அமைப்புகளுக்குத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. மார்ச்சில் கொரோனா வந்து எல்லாக் கடைகளும் மூடின, லாபம் என்ற பேச்சுக்கே அந்த வருஷம் எங்கும் இடமில்லை. 2023 மே மாதம் டேப்ரூம் நிரந்தரமாக மூடப்பட்டது. மூடிய அதே சமயத்தில் அங்கே மேலாளராக இருந்த இன்னொரு கறுப்பினப் பெண் தன்னைப் பாரபட்சமாக நடத்தியதாக வழக்குப் போட்டார். அதுவும் குற்றச்சாட்டுதான். ஆனால் முதல் வழக்கின் சமரசம் முடிந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை.

தொழில் முழுக்கவும் இதே வருஷங்களில் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. வழக்கு பதிவான 2018இலேயே ப்ரூவர்ஸ் அசோசியேஷன் நிகோல் ஜாக்சன் பெக்கமைத் தன் முதல் பன்முகத்தன்மைத் தூதராக நியமித்தது. அதே வருஷம் பிட்ஸ்பர்க்கில் ஃப்ரெஷ் ஃபெஸ்ட் என்று கறுப்பின ஆலைகளை முன்னிறுத்தும் திருவிழா நடந்தது. 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு, டெக்சஸ் சான் அன்டோனியோவின் வெதர்டு சோல்ஸ் ஆலையைச் சேர்ந்த மார்கஸ் பாஸ்கர்வில் ஒரு ஸ்டௌட் பீரின் செய்முறையை யாரும் எடுத்துக் காய்ச்சலாம், வருமானத்தை உள்ளூரில் நீதிக்காக உழைக்கும் அமைப்புகளுக்குக் கொடுங்கள் என்று வெளியிட்டார். 'பிளாக் இஸ் பியூட்டிஃபுல்' என்று பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் காய்ச்சின. அதே வருஷம் ப்ரூக்ளின் ப்ரூவரியின் தலைமை ப்ரூவர் காரட் ஆலிவர், மறைந்த பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, கறுப்பின, பழங்குடி, பிற நிறத்தவருக்கு ப்ரூவிங் படிக்க உதவித்தொகை தர ஆரம்பித்தார். இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கடைசியானது, காரணம் ரொம்பச் சாதாரணம். ஸ்டௌட் ஒரு சீசனில் தீர்ந்துவிடும், ப்ரூவிங் படித்தவர் முப்பது வருஷம் வேலை செய்வார். ஆனால் படித்து முடித்து அவர் போய்ச் சேரும் ஆலையில் பிரிண்டருக்கு என்ன பெயர் என்பதை உதவித்தொகை தீர்மானிக்காது.

எதை மாற்றலாம்

நான் வக்கீல் இல்லை, எனவே இதை ஒரு அலுவலகத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இயக்குநர் பதவியிலிருந்து தொடங்குகிறேன். பன்முகத்தன்மைக்கென்று ஒருவரை எடுத்தால் அவருக்கு வேலை நீக்கக் கோப்புகளைப் பார்க்கும் உரிமை வேண்டும், 'இதை நிறுத்துங்கள்' என்று சொல்லும் உரிமையும் வேண்டும். அதோடு பாரபட்ச வழக்கு நடக்கும்போது வக்கீல் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி வேண்டும். வழக்கு ரகசியம் என்று அவரை வெளியே உட்கார வைத்தால், நிறுவனம் நீதிமன்றத்தில் என்ன பேசியது என்பதை அவரும் பத்திரிகையில்தான் படிப்பார்.

டேப்ரூம் விஷயமும் உண்டு. ஐந்தில் நாலு பேர் கறுப்பினத்தவராக இருக்கும் நகரத்துக்கு ஐந்தில் ஒருவர் இருக்கும் நகரத்திலிருந்து ஒரு கம்பெனி போகிறது என்றால், குழாயையும் மேஜையையும் அனுப்புவதற்கு முன்னால் பழக்கவழக்கத்தைக் கழுவ வேண்டும். கிராண்ட் ராப்பிட்ஸில் யாரும் கேள்வி கேட்காத கிண்டல் டெட்ராய்டில் கேள்வியாகும், அது டெட்ராய்டின் குறையில்லை. பிரிண்டர் பெயர் மாதிரியான விஷயத்துக்கு கமிட்டி, கருத்தரங்கு எதுவும் வேண்டாம். அட்மின் கடவுச்சொல் வைத்திருக்கும் ஒருவர் பார்த்த அன்றே மாற்றலாம், மாற்றிவிட்டு யார் போட்டது என்று கேட்கலாம்.

கடைசியாக அந்த டெபசிஷன். அவர் கறுப்பினத்தவர் என்று தெரியுமா என்ற கேள்விக்கு, தெரியும் என்று ஒரே சொல்லில் மேலாளர் பதில் சொல்லியிருக்கலாம். அந்த வரியை எந்தப் பத்திரிகையும் போட்டிருக்காது. வக்கீல் அடுத்ததாக, இதே மாதிரித் தவறுகளுக்கு வேறு யாரை நீக்கினீர்கள், தேதி என்ன, எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தீர்களா என்றுதான் போயிருப்பார். நிறுவனம் சொன்னது போலவே அது வேலை சம்பந்தப்பட்ட முடிவுதான் என்றால் அதற்கான தாள்கள் ஒரு கோப்பில் இருந்திருக்க வேண்டும், சண்டையை அங்கே வைத்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கோப்பில் என்ன இருந்தது என்பது சமரச ஒப்பந்தத்தோடு உள்ளே போய்விட்டது.